அம்மா கதை எழுதிய ஞாயிறுகள்

கதை எழுதுவதற்காக இரண்டு வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடலாமா? இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று மகளின் கிழிந்த படப்புத்தகத்தை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாசனையில், தொண்ணூறுகளில் அம்மா எழுதிய ஒரு சிறுபத்திரிகையின் திருவண்ணாமலை மாடி அறை நினைவுக்கு வந்தது.

யார் கதையை முடிக்க வேண்டியிருக்கிறதோ, அவர் குழந்தையை இதழ் வேலைக்கு வரும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். அம்மாவின் முறை வரும் ஞாயிறுகளில், கீழே சைக்கிள் கடையின் சுத்தியல் ஓசையும் மேலே தாள் மடிக்கும் சரசரப்பும் கேட்டபடி, ஜன்னல் முழுக்க மலை தெரிய, யார் மடியிலாவது சாய்ந்துகொண்டு தபாலில் போகும் இதழ்களுக்கு முகவரிப் பட்டை ஒட்டுவேன். ஒருமுறை பக்கங்களையும் சேர்த்து ஒட்டிவிட்டேன்.

“பசை ஜாஸ்தியாயிடுச்சு பாப்பா. உங்கம்மா கதை திறக்கவே மாட்டேங்குது,” என்றார் ஆசிரியர்.

“உங்க தலையங்கத்தையும் ஒட்டச் சொல்லுங்க சார், ஜனங்க தப்பிக்கட்டும்,” என்றார் கவிதை எழுதும் டீச்சர் அக்கா.

மாலையில் கதையை முடித்துவிட்டு வரும் அம்மாவின் முகம் அவ்வளவு தெளிவாக இருக்கும். அங்கே நான் அழுததாக நினைவில்லை. அழுததை மறந்திருப்பேனோ?

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. எனக்கும் ஒரு கதை பாதியில் நிற்கிறது. “ஞாயித்துக்கிழமை பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டு எழுதுங்க,” என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சரி என்று சொல்லிவிட்டேன். குழந்தை வளர்த்தவர்களே, சொல்லிவிட்டுக் கிளம்புவதா, விளையாடும்போது நழுவுவதா? அழுகுரல் சுவர் தாண்டிக் கேட்டால், எத்தனை வரி வரைக்கும் பொறுக்கலாம்?