சிவப்புக் கொடியோடு நின்ற தாய்மாமன்

இந்த மாசியோடு அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னது தங்கை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் எழுதலாமா என்று கேட்டேன். "ஊரெல்லாம் சுத்தி வந்து அம்புட்டுக் கதை சொல்றீக, இதை மட்டும் எழுத மாட்டீகளாக்கும்" என்றாள்.

அண்ணன் பிறந்தது சின்னாளபட்டிக்குத் தெற்கே, எங்கள் தோட்டத்து வீட்டில். அப்பா பாம்பு கடித்து இறந்தார். அம்மா பூப் பறிக்கும் கூலிக்குப் போனார். தக்காளி விலை விழுந்த வருடங்களில் இரண்டு வேளைதான் சாப்பாடு. அண்ணன் அதற்குள்ளேயே படித்து ரயில்வேயில் சேர்ந்து, சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியோடு போகும் கார்டு ஆனார். நான் போர்வெல் வண்டியிலும் லாரியிலும் திரிந்துகொண்டிருந்தேன். தங்கையைக் கட்டிக்கொடுத்தது முழுக்க அவர் பொறுப்பு.

ஆனால் அந்தக் கல்யாணத்துக்கே அவர் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். எங்கள் பக்கம் பயணிகள் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் ஒரே தண்டவாளம். பயணிகள் வண்டி வருகிறதென்றால் சரக்கு வண்டி நிலையத்தில் லூப் லைன் என்கிற பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. வண்டியை விட்டுவிட்டுக் கார்டு போகவும் முடியாது. வளைகாப்பிலும் இதே கதைதான். "பொண்ணு வீட்டுல ஆம்பளையே இல்ல போல" என்று தங்கையின் மாமியார் சபையில் சொன்னார். தங்கை அதை மறக்கவில்லை.

அதனால் தன் மகள் பாப்பாவுக்குப் பழனியில் காதுகுத்து வைத்தபோது, மூத்த மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அன்று அண்ணனுக்கும் அதே பாதையில் வேலை. பழனியில் அவர் இறங்கிக்கொள்ள, வேறு கார்டு ஏறிக்கொள்வார். "ஒங்களுக்கு முன்னாடியே மண்டபத்துல இருப்பேன்" என்றிருந்தார். நல்ல நேரம் பதினொரு மணியோடு முடிகிறது.

நாங்கள் திண்டுக்கல்லில் பேசஞ்சர் ஏறினோம். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு சின்ன நிலையத்தில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே, லூப் லைனில் ஒரு சரக்கு வண்டி. அதன் கடைசிப் பெட்டியருகே, ஜல்லியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வண்டிக்காகத்தான் அவரை ஒதுக்கியிருந்தார்கள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "தாய்மாமன் இங்கன நிக்காரு. பிள்ளைக்குக் காது பழனியில குத்தணுமா, இங்கயே குத்தணுமா?"

அண்ணன் ஜன்னலருகே வந்து என்னிடம், "ஏலே, நான் வரலைன்னா நீ மடியில வச்சுக்க. நேரத்தை விட்றாதீக" என்றார்.

"நீங்க இல்லாம குத்த மாட்டேண்ணே" என்றாள் தங்கை.

அவர் எதையோ மோப்பம் பிடிப்பதுபோல் மூக்கை உறிஞ்சினார். எங்களுக்கும் அந்தக் கருகல் வாடை வந்தது. குனிந்து எங்கள் பெட்டிக்கு அடியில் பார்த்தார். அதற்குள் எங்களுக்குச் சிக்னல் விழுந்துவிட்டது, ஊதலும் கேட்டது. அண்ணன் சிவப்புக் கொடியை விரித்து, கடைசிப் பெட்டியிலிருந்த எங்கள் கார்டை நோக்கி நீட்டினார்.

"அண்ணே, என்ன பண்றீக? நேரம் போகுதுண்ணே, மடக்குங்க."

"அடியில இரும்புத் தண்டு தொங்குது ஆத்தா. வண்டி கெளம்பக் கூடாது."

"இந்தா இருக்கு பழனி. மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றார் மாமியார்.

"மெதுவாவும் போகக் கூடாது. தண்டு தண்டவாளத்துல மாட்டுனா வண்டி கவுந்துரும்."

தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டியிலிருந்தவர்கள் அவரைத் திட்டினார்கள். எங்கள் கார்டு இறங்கி ஓடிவரும்வரை கொடி இறங்கவில்லை.

தண்டைத் தூக்கிக் கட்டிச் சரிபார்க்க நேரம் பிடித்தது. பாதை சும்மா கிடக்க வேண்டாம் என்று சரக்கு வண்டிக்கு வழி கொடுத்துவிட்டார்கள். அண்ணன் கடைசிப் பெட்டியில் நின்றபடி எங்களைக் கடந்து போனார். பாப்பா கையாட்டியது. அவர் எங்கள் பெட்டிக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டு போனார். "மனுசன் கெடக்கான், மூட்டைக்கு வழி விடுறாக" என்றார் மாமியார்.

பழனியில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து மண்டபத்துக்கு ஓடினோம். அண்ணன் அழுக்குச் சீருடையோடு சம்மணம் போட்டு, மடியில் புதுத் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காது குத்தும் ஆசாரி. வேறொரு வீட்டார் கூப்பிட்டும் அவரைப் போகவிடாமல் அண்ணன் கையைப் பிடித்து வைத்திருந்தார்.

"வாங்க, இன்னும் செத்த நேரம் இருக்கு" என்றார்.

பதினொரு மணிக்குள் குத்தியாகிவிட்டது. அதற்கப்புறம் மாமியார் அவரைக் கூப்பிட்டது "கூட்சுல வந்த மாமன்" என்றுதான்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் சிறுநீரகம் கெட்டது. வாரா வாரம் ரத்தம் சுத்தம் செய்யத் திண்டுக்கல் போனோம். வலியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒரு காலையில் காப்பி கேட்டார், கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

அவரை எடுத்துப் போன அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று மெதுவாக வந்தது. உச்சி வெயில். கேட்டைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அந்த மாமியார்தான் தடுத்தார். "நிக்கட்டும்யா. அவரு நமக்காக நிக்காத நிப்பா?"

கடைசிப் பெட்டி போகும்வரை எல்லோரும் நின்றோம். மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் தந்த அண்ணனின் வேலைத் தோழர்களுக்கும், அந்த வெயிலில் ஒருவர்கூட முனகாமல் எங்களோடு நின்ற உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.