மறந்துவிட்டேன் என்றார் அக்கா

மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அறையில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம், சிஸ்டர் அக்கா நின்றுகொண்டிருந்தார். அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது, அதில் யாரோ கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். அக்கா அன்று சீருடையில் இல்லை. கடைக்குப் போகும்போது உடுத்துகிற நூல்புடவையில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். "குழந்தையின் பெயரை ஏன் கேட்கவில்லை?" என்று கண்காணிப்பாளர் இந்தியில் கேட்டார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "பூல் கயீ, சார்" என்றார். மறந்துவிட்டேன் என்று.

அவர் மறக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அந்த அறையில் அவரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிட்வாய் நகர் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர் அவர். நாகர்கோவில்காரர். பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவின் மூத்த செவிலி. அவருடைய மகளும் என் மகளும் ஒரே வயது, ஒரே பள்ளிப் பேருந்து. டெல்லியில் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அங்கே தமிழ் பேசுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்துவிடுவோம். பிடித்துவிட்டால் வரிசை, படிவம், விதிமுறை எல்லாம் மற்றவர்களுக்குத்தான் என்று ஒரு தெம்பு வந்துவிடும். பத்து வயதில் என் மகள் விடாத காய்ச்சலோடு அந்தப் பிரிவில் சேர்ந்தபோது எனக்கும் அந்தத் தெம்பு வந்தது. அக்கா இருக்கிறார், இனி பயமில்லை.

முதல் நாள் மாலை ஊசித் தட்டோடு வந்த அக்கா, என் மகளிடம் குனிந்து, "உனக்க பேரு என்ன மக்களே?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னக்கா, போன வாரம் உங்க வீட்ல ஆப்பம் தின்ன பொண்ணு. பேர் தெரியாதா? ரேஷன் கார்டும் எடுத்துட்டு வரவா?"

அக்காவும் சிரித்தார். "சட்டம் அப்படியாக்கும். எனக்க சொந்தப் பிள்ளை கிடந்தாலும் கேப்பேன்" என்றவர், பதில் வரும்வரை காத்திருந்து, கையிலிருந்த சீட்டோடு பெயரை ஒத்துப்பார்த்த பிறகே ஊசி போட்டார்.

மறுநாள் மதியம் மீண்டும் வந்து கேட்டார். மகள் அப்போதுதான் கண் அசந்திருந்தாள். எனக்கு எரிச்சல். "அவளை எழுப்பாதீங்கக்கா. நான்தான் பக்கத்துல இருக்கேன்ல, என் பொண்ணு இல்லன்னா சொல்ல மாட்டேனா? யாரோ மூணாம் மனுஷங்க மாதிரி தினமும் கேக்கறீங்க." அந்தக் கடைசி வாக்கியம் அவர் முகத்தில் பட்டதைப் பார்த்தேன். "செரி, செரி" என்றார் மெதுவாக. அதன்பின் அவர் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை மகளுடைய கட்டிலுக்கு மேலிருந்த மின்விசிறி நின்றுபோனது. ஆயா அவளைப் பக்கத்துக் கட்டிலுக்கும், அங்கே காய்ச்சல் தணிந்திருந்த பெண்குழந்தையை இந்தக் கட்டிலுக்கும் மாற்றிவிட்டுப் போனாள். தட்டில் ஊசிகள் கட்டில் எண்படி அடுக்கியிருந்தன. பெயர் கேட்டிருந்தால் அக்கா சீட்டைப் பார்த்திருப்பார். கேட்காததால் எண்ணை மட்டும் பார்த்தார். பக்கத்துக் குழந்தைக்கான மருந்து என் மகளின் உடம்பில் ஏறியது. அது அவளுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. அக்கா கத்திய குரலில் மருத்துவர்கள் ஓடிவந்தார்கள்.

மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து அவள் பிழைத்தாள். அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மருந்து ஒவ்வாமை என்பதோடு முடிந்திருக்கும். அவரோ ஊசி போட்ட அன்றே எங்கள் முன்னால் வந்து, "எனக்க தப்பு. பக்கத்துப் பிள்ளைக்க ஊசிய இவளுக்குப் போட்டுட்டேன்" என்றார். என் கணவர் புகார் எழுதினார். நானும் கையெழுத்திட்டேன். புகாரில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. பெயர் கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்காதே என்று சொன்னது நான் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அந்த அறையில் அவர் என்னைப் பார்த்தபோதும் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என் மகளுக்கு நானே செய்த தீங்கு என்று ஆகிவிடுமே என்ற பயம். அவருக்கு வேலை போனது. குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். கிளம்பிய அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

போன மாதம் ரத்தப் பரிசோதனைக்காக மகளோடு வேறொரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நோயாளி பாதுகாப்புக்கான தேசிய இயக்கம் என்று எங்கும் பதாகைகள். ஊசி போடுமுன் பெயர் கேட்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை என்று எழுதியிருந்தது. கூடத்தில் ஓர் இளம் மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். தவறைச் சொல்கிறவர்களைத் தண்டித்தால் அடுத்த தவறை யாரும் சொல்லமாட்டார்கள், குடும்பத்தினர் யாராவது தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்றார். என் கை தானாக உயர்ந்தது. பதினைந்து வருடம் விழுங்கி வைத்திருந்ததை, முன்பின் தெரியாத அத்தனை பேர் முன்னால், இந்தியில் சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். என் மகள் தட்டவில்லை. அவளுக்கே இது அன்றுதான் தெரியும்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. அந்த ஆண்ட்டிகிட்ட சொன்னியா?"

"அவங்க போன வருஷம் இறந்துட்டாங்கடி. காலனில சொன்னாங்க."

"அவங்க பொண்ணு இருக்கால்ல. தன்னோட அம்மா கேர்லெஸ்னு நெனச்சிட்டே இருப்பா. போன் பண்ணும்மா. இப்பவே."

என்னிடம் இருந்தது அக்காவின் பழைய டெல்லி செல்போன் எண் மட்டும். அது உயிரோடு இருக்காது என்ற தைரியத்தில்தான் அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். குரலைக் கேட்டதும் தெரிந்தது, அக்காவின் மகள்தான். நான் யாரென்று சொன்னேன். பிறகு மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"தெரியும் ஆண்ட்டி" என்றாள் கடைசியில். "அம்மை எல்லாம் சொல்லியிருக்கா. ஊருக்கு வந்த பொறவும் இந்த நம்பர மாத்த விடல்ல. நீங்க ஒரு நாள் கூப்பிடுவியன்னு சொல்லிட்டே இருந்தா."