மெழுகு ஆடும் அத்தானின் முறையும்

என் அத்தான் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்கார்பவர். மேலதிகாரியின் மாமியாரையே "டோக்கன் எடுத்துட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பியவர். வீட்டிலும் அப்படித்தான். குளியலறைக் கதவில் யார் முதலில் துண்டைப் போட்டாரோ அவர்தான் அடுத்த ஆள். அக்காவுக்குக்கூட விலக்கு கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு, பிசாசுகளும் பிராணிகளும் மோதிக்கொள்ளும் சீட்டு விளையாட்டில் பைத்தியம். நான் அவர்கள் வீட்டுக்குக் குடிவரும்போது என் டிரம்ஸும் கூட வரலாமா என்று கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு ஆட்டம் போடுவோம். நீ ஜெயிச்சா டிரம்ஸ் உள்ள. நான் ஜெயிச்சா அது உன் ஃப்ரெண்டு வீட்டு கார் ஷெட்லயே கிடக்கட்டும்."

அந்தத் தோழி ஏற்கெனவே அதன்மேல் பெயின்ட் டப்பாக்களை வைக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆட்டம் முற்றி, ஆளுக்கு ஓர் உயிர்தான் மிச்சம். இருவர் முன்னாலும் ஆளுக்கொரு அழுமூஞ்சிப் பிசாசு. எந்தப் பிராணி செத்தாலும் அது தானாக அழும். அழுதால் எதிராளிக்கு ஓர் உயிர் போகும். என்னிடம் கூடவே ஒரு மெழுகு ஆடு. என் முறை தொடங்கியதும் அது தானே உருகிச் செத்துவிடும்.

இரண்டு பிசாசும் ஒரே நேரத்தில் அழுதால்? அழுகைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கில் ஏறும். யாருடைய முறையோ அவருடையது அடியில், எதிராளியுடையது மேலே. மேலே இருப்பதுதான் முதலில் பலிக்கும். ஆக, என் முறையில் ஆடு செத்தால் நான் காலி. அத்தான் ஒன்றுமே செய்யாமல் முறையை எனக்கு விட்டால் போதும்.

அவர் கையிலோ, எந்தப் பிராணியையும் அந்த நொடியே எரித்துக் கொல்லும் ஒரு தீக்குச்சிச் சீட்டு.

"என்னங்க, கொஞ்சம் பொறுங்க. அவ முறை வரட்டும்" என்றாள் அக்கா, துணி மடித்தபடி.

"நீயெல்லாம் ஒரு கூடப்பொறந்தவளா?" என்றேன்.

"உன்கூடத்தான்டி பொறந்தேன், டிரம்ஸ்கூட இல்ல."

அத்தான் அந்த விதியைப் படிக்காதவர் அல்ல. ஆனால் வரிசை என்று வந்துவிட்டால் அவர் கை கவுன்ட்டர் பழக்கத்துக்குப் போய்விடும்.

"எதுக்குப் பொறுக்கணும்? இப்ப என் முறை, என் பிசாசுதான் முன்னாடி நிக்குது!" என்று தீக்குச்சியை ஆட்டின்மேல் போட்டார்.

ஆடு செத்தது. அவருடைய அழுகை அடியில் போனது, என்னுடையது மேலே ஏறியது.

"அத்தான், என்னோடதுதான் முதல்ல."

"எப்படி? என்னோடதுதானே முதல்ல ஏறிச்சு?"

"முதல்ல ஏறினதாலதான் அது கடைசி."

"பின்னாடி வந்தவ முன்னாடி போவா, நான் பார்த்துட்டு நிக்கணுமா? எங்க ஆபீஸ்ல இப்படி நடந்தா ஜன்னல் கண்ணாடி மிஞ்சாது!"

அக்கா விதிப்புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். அத்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் படித்தார். மறுபடி துடைத்துப் படித்தார். விதி என்று அச்சில் இருந்தால் மீறுகிற ஆள் இல்லை. தன் கடைசி உயிரைத் தானே குறைத்துக்கொண்டார்.

"சரி, ஏத்திட்டு வா."

டிரம்ஸ் வந்தது. விடிகாலையில் பயிற்சி செய்தால்தான் எனக்குக் கை வரும் என்றேன்.

"எப்ப வேணா அடி தாயே. நான் வாசலைத் தாண்டினப்புறம் அடி."

இப்போதெல்லாம் அலுவலகம் திறப்பதற்கு வெகுமுன்பே அவர் அங்கே போய் நிற்கிறாராம். காவலாளி கதவைத் திறந்துவிட்டாலும் உள்ளே போவதில்லையாம்.

"எனக்கு முன்னாடி நாலு பேர் நிக்கிறாங்களேப்பா" என்கிறாராம்.