மரணக் கிணற்றில் ஸ்டெல்லா அக்கா சிரித்த படம்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

காலையில் பால் காய்ச்சும்போது அவர் மகள் ஜெனியிடமிருந்து மெசேஜ். "அம்மா நைட்டு தவறிட்டாங்க ஆன்ட்டி. கிட்னி..." அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அக்காவின் பெயர் தெரியாது. ஆனால் பார்த்திருப்பீர்கள். சில வருடத்துக்கு முன் பாலக்கோட்டில் பொருட்காட்சி போட்டார்களே, அதில் மரணக் கிணறு... பலகையால் அடித்த கிணறு, மேலே தார்ப்பாய்க் கூரை, சுவரிலேயே இரண்டு பைக் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு சுற்றும். முன்னால் போகும் வண்டியில் பின்னல் பறக்க உட்கார்ந்திருந்தவர்தான் அக்கா.

நான் அப்போதுதான் யூடியூப் பார்த்துப் பார்த்து கேமரா பழகியிருந்தேன். காதுகுத்து, சீர், கோயில் விசேஷம்... அவ்வளவுதான் அனுபவம்.

கிணற்றின் மேல் விளிம்பில் நின்று எடுத்தேன். உள்ளே நாலைந்து மஞ்சள் பல்பு. ஷட்டரை வேகமாக வைத்தால் படம் கருப்பு. மெதுவாக வைத்தால் வெறும் கோடு. ஃப்ளாஷ் போடவே கூடாது, ஓட்டுகிறவர் கண் கூசினால் அவ்வளவுதான்.

ஷோ முடிந்து வெளியே வந்த அக்காவிடம் காட்டினேன். உற்று உற்றுப் பார்த்தார்.

"ஏங்க கேமராம்மா... இதுல எது நானு, எது சைலன்சர் பொகை?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னார். இந்த ஊரோடு ஓட்டுவதை நிறுத்தப் போகிறாராம், மணிக்கட்டு தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் சுவரில் ஓடும்போது முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்கூடக் கிடையாது. மகள் கடத்தூரில் சித்தி வீட்டிலிருந்து படிக்கிறாள். பயந்துவிடுவாள் என்று அவளை ஒருநாளும் ஷோ பார்க்க விட்டதில்லை.

"எங்கம்மா பைக் ஓட்டுறாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்குதுங்க. போடி, உங்கம்மா டிக்கெட்டு கிழிக்கறவங்கன்னு சிரிச்சிருக்காங்க. ஒரே ஒரு படம் இருந்தா போதுங்க."

ஞாயிற்றுக்கிழமையோடு பொருட்காட்சி முடிகிறது.

"கொஞ்சம் மெதுவா ஓட்டுங்களேன் அக்கா."

"மெதுவா ஓட்டுனா வண்டி செவுத்துல நிக்காது. உங்க மடியிலதான் வந்து விழுவேன்."

சனிக்கிழமையும் போனேன். எல்லாம் புகைதான்.

ஞாயிறு காலை பிள்ளையார் கோயில். சன்னதி முன்னால் நின்ற இடத்திலேயே நம்மை நாமே வலமாகச் சுற்றிக் கும்பிடுவோமே, ஆத்ம பிரதட்சணம்... அப்படிச் சுற்றும்போது கவனித்தேன். தூண், விளக்கு, சுவர் எல்லாம் கண்ணெதிரே ஓடுகிறது. கூப்பிய என் கை மட்டும் அசையாமல் தெளிவாக நிற்கிறது.

பிரசாதம்கூட வாங்கவில்லை. நேராகப் பொருட்காட்சிக்குத்தான் போனேன்.

கிணற்றின் நடுவில் நின்று, அக்கா சுற்றுகிற வேகத்திலேயே நானும் நின்ற இடத்தில் சுற்ற வேண்டும். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "தல சுத்தி இந்தம்மா செவுத்துப் பக்கம் போயிட்டா யாருங்க பதில் சொல்றது?"

"அவங்க போனா என் வண்டியிலதான் அடிபடுவாங்க, நானும்தான் விழுவேன். நான் சொல்றேன், அவங்க நிப்பாங்க" என்றார் அக்கா. இரண்டு நாள் பழக்கத்தில் என்னை அப்படி நம்பிய மனுஷி.

மதிய ஷோவுக்கு முன்னால் அக்கா மட்டும் ஓட்டுவதாக ஏற்பாடு. வீட்டிலிருந்து கேமரா கொண்டுவந்த என் வீட்டுக்காரர் மேலே என் பையைப் பிடித்துக்கொண்டு, "ஏய்... முழுசா மேல வந்து சேரு!" என்று கத்துகிறார்.

அக்கா வண்டியைக் கிளப்பி, போகிற திசையை விரலால் சுற்றிக் காட்டினார்.

"அக்கா, இடமா இல்ல சுத்தறீங்க! சாமிய வலமாத்தான் சுத்தணும். இடமா ஆவாதுங்க."

"நான் என்ன சாமியா? சுத்தும்மா!"

வண்டி சுவரில் ஏறியது. பலகையெல்லாம் அதிர்ந்த அதிர்வு என் பாதம் வரை வந்தது. பிள்ளையாரப்பா, கணக்கில் வைத்துக்கொள், நாளைக்கு நேர் செய்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு இடமாகவே சுற்றினேன். பதினோரு சுற்று. வாய் மட்டும் விநாயகா விநாயகா என்று ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டி இறங்கியதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிணறு அதுபாட்டுக்குச் சுற்றியது.

படம் வந்திருந்தது. பலகையெல்லாம் கோடு கோடாக ஓட, நடுவில் அக்கா முகம். என் வாய் முணுமுணுப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அக்கா குனிந்து பார்த்தார். கேமராவில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.

"என் பல்லு தெரியுதுங்க... பாப்பாவுக்கு இப்பவே அனுப்புங்க."

அனுப்பினேன். அன்று அக்கா கொடுத்த அந்த நம்பரிலிருந்துதான் இன்று காலை ஜெனியின் மெசேஜ் வந்தது.

மறுநாள் கோயிலில் பதினோரு சுற்று வலமாகச் சுற்றிக் கணக்கை நேர் செய்துவிட்டேன். அக்காவிடம் சொன்னபோது போனில் விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார். "என்னம்மா, பிள்ளையாருகிட்ட பாக்கி ஏதும் இல்லயே?"

இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் படமெடுக்கும்போது நடுவில் கரண்ட் போனாலும் நான் பதறுவதில்லை. அந்தத் தைரியம் நீங்கள் கொடுத்தது அக்கா.

மதியம் கடத்தூர் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். பெட்டிக்குத் தலைமாட்டில் அந்தப் படத்தைத்தான் வைத்திருந்தாள் ஜெனி. துக்க வீட்டில் சிரிக்கிற படம் எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "எங்கம்மா பைக் ஓட்டுறப்ப எடுத்ததுங்க" என்றாள்.

சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். இடமாக ஒரு சுற்று சுற்றினேன்.

"என்னம்மா, மாத்திச் சுத்தறீங்க?" என்றார் பூசாரி.

"தெரிஞ்சேதாங்க சுத்தறேன்."

இந்த ஒன்றை நேர் செய்யப் போவதில்லை.

மெதுவாகப் போங்கள் அக்கா. இனி விழமாட்டீர்கள்.