சம்பந்தியோடு குடித்த காபி

இன்சூரன்ஸ் கம்பெனி கேட்ட ரத்தப் பரிசோதனைக்கு அன்றுதான் கடைசி நாள். லேப் பெண் வருவாள் என்று துடியலூர் வீட்டில் வெறும் வயிற்றோடு காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா காங்கேயத்துச் சம்பந்தி வந்து இறங்க வேண்டும்?

மனைவி காபி கொடுத்தாள். அவர் தொடவில்லை.

"நீங்க குடிக்காம நான் மட்டும் எப்படிங்க?"

மகளைக் கொடுத்த இடம்; மறுக்க வாய் வரவில்லை. குடித்துத் தொலைத்தேன்.

ஊசியோடு வந்த பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? செரி, கம்பெனில ஒரு நாள் கேட்டு வாங்கறனுங்க. நாளைக்கு வாரேன்."

முன்பின் தெரியாதவள் எனக்காகக் கெஞ்சப் போகிறாள். நானோ, செத்தபின் குடும்பம் தவிக்கக் கூடாதென்று பாலிசி எடுக்கக் கிளம்பியவன்; உயிரோடு இருக்கும்போது ஒரு காபியை வேண்டாமென்று சொல்லத் தெரியாதவன்.

"அப்ப நானும் இருந்து, நாளைக்குக் காலைல காபி குடிச்சுப்போட்டே கிளம்பறனுங்க" என்றார் சம்பந்தி.