எய்னோவின் இடது பக்கம்

குத்துச்சண்டையில் குத்து வாங்குகிறவனுக்கு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி அடித்து ஓய்வு கொடுப்பார்கள். அவன் மூலையில் வாளியும் துண்டுமாக நிற்கிறவனுக்கு அந்த ஓய்விலேதான் வேலையே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் அந்த வேலையை நான் பார்த்தேன். மற்ற நாளில் துறைமுகத்தில் கயிறு இழுப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் லான்மடாவ் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் வாளி தூக்குவேன். நீங்களும் யாருக்காவது வாளி தூக்கியிருப்பீர்கள், ஆபீஸில் மேலதிகாரிக்கோ, வீட்டில் மாமனாருக்கோ. ஜெயித்தால் அவர்கள் கெட்டிக்காரர்கள். தோற்றால் நாம் தண்ணீர் சரியாகக் கொடுக்கவில்லை. அதனால் உங்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கால் இல்லாத சண்டை

எய்னோ பின்லாந்துக்காரன். தேக்கு ஏற்ற வந்த கப்பலில் கரி தள்ளிக்கொண்டு வந்தவன். கப்பல் நிற்கிற ஊரிலெல்லாம் ஹெவிவெயிட் சண்டை போடுவான். எங்கள் கொட்டகை வாசலில் குனிந்து நுழைந்து, உள்ளே வந்து நிமிர்ந்தான். நிமிர்ந்துகொண்டே இருந்தான். "துரை" என்று கும்பிட்டேன். முகத்தைச் சுளித்தான். "நான் துரை இல்லே, கரி அள்ளுறவன்" என்று துறைமுக இங்கிலீஷில் சொல்லி உள்ளங்கையை நீட்டினான். என் கையைவிட மோசமாக இருந்தது. கோவிந்தசாமி என்ற என் பேர் அவன் வாயில் நுழையவில்லை. அன்றிலிருந்து நான் அவனுக்குச் சாமி.

முதல் சண்டை ஒரு சிப்பாயோடு. இரண்டு சுற்று எய்னோ எதிராளியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கூச்சல் போட்டது. மூன்றாவது சுற்றில் நான் துண்டைப் பிழியக் குனிந்தேன். நிமிர்ந்தபோது சிப்பாய் தரையில் கிடந்தான். அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். எய்னோவே அவனைத் தூக்கி உட்கார வைத்து, என் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு வாயில் விட்டான். ஜெயித்தவன் தோற்றவனுக்குத் தண்ணீர் கொடுத்து அந்தக் கொட்டகையில் யாரும் பார்த்ததில்லை.

கொட்டகை முதலாளி ஊ தின் பர்மாக்காரர். உதை, முட்டி, முழங்கை எல்லாம் உண்டென்கிற பர்மியச் சண்டையில் ஊறியவர். வெள்ளைக்காரர் சண்டை அவருக்குச் சப்பென்றிருக்கும். அன்றைக்கு வாயிலிருந்த சுருட்டு அணைந்தது தெரியாமல் நின்றார். பிறகு எங்களோடு பழகிப் படித்த தமிழில் சொன்னார்: "கால் இல்லாமலே இவ்வளவு செய்றான். காலும் சேந்தா என் கொட்டகைக்குக் கூரை மிஞ்சாது."

வேப்பிலை

அவன் கப்பல் போய்விட்டது. அவன் போகவில்லை. பனிக்காலம் முழுக்க ரங்கூனிலேயே தங்கினான். ஒரு நாள், உடம்பு வேர்க்க வேண்டும், சூடான அறை எங்கே இருக்கிறது என்று கேட்டான். ரங்கூனில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும். நான் அவனைப் பசுண்டாங் ஓடைக்கரையில் ஒரு நெல் ஆலைக்குக் கூட்டிப்போனேன். கொதிகலனுக்கு உமி தள்ளுகிறவர்கள் எல்லாம் நம் ஆட்கள்.

அடுப்பு வாயருகே செங்கற்களை அடுக்கிச் சுடவைத்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அந்த ஆவிக்குள் கோவணத்தோடு உட்கார்ந்தான். நான் பத்து எண்ணுவதற்குள் வெளியே ஓடிவந்துவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். ஊரில் இலைக்கொத்தால் உடம்பில் அடித்துக்கொள்வார்களாம், ஏதாவது இலை வேண்டும் என்றான். எனக்குக் கைக்குக் கிடைத்தது வேப்பிலை. இரண்டு கொத்து ஒடித்துக் கொடுத்துவிட்டேன். அங்கேதான் புத்தி கெட்டேன்.

புகைக்கு நடுவே செக்கச்செவேலென்று ஓர் ஆள், வேப்பிலையால் தன்னைத்தானே விளாசிக்கொண்டு, தன் பாஷையில் ஏதோ சொல்லிக் கூவுகிறான். எட்டிப் பார்த்த ஆலையாட்களுக்கு வேறென்ன தோன்றும்? ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். யாரோ சூடம் தேடி ஓடினார்கள். நான் விளக்குவதற்குள், மாரிமுத்து என்கிற உமிக்காரன் ஆவிக்குள் நுழைந்து எய்னோவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான். கையைக் கூப்பி அழாத குறையாகக் கேட்டான்: "ஆத்தா, நான் ஊருக்கு எப்போ போவேன், அதை மட்டும் சொல்லிடு."

எண்ணெய்

அவ்வளவு சூட்டில் கிடக்கிற உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று எனக்குக் கவலை. அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் எய்னோவைக் குழாயடியில் உட்கார வைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்தேன். சாயங்காலம் சண்டை. இருந்தால் என்ன, சனிக்கிழமை சனிக்கிழமைதானே. அந்த முதுகுக்கு ஒரு ஆழாக்கு காணவில்லை, இன்னொன்று கடன் வாங்கினேன். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, மிளகு ரசமும் சோறும் போட்டேன்.

எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு மனுஷனுக்கு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். எய்னோவுக்கும் வந்தது. முதல் மணி அடித்தபோது கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தான். எதிராளி விட்ட குத்தெல்லாம் தோளில் வழுக்கிக்கொண்டு போனது. நடுவராக நின்ற கிழட்டு ராணுவக்காரர் சண்டையை நிறுத்தி, எய்னோ தோளை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வா என்று அனுப்பினார். கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு கொட்டாவி விட்டு, நாலாவது சுற்றில் ஜெயித்தான். நடுவர் போகிற போக்கில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உண்மையைச் சொல், இவனைச் சண்டைக்குக் கொண்டுவந்தாயா, பொரிக்கக் கொண்டுவந்தாயா?"

இமைக்காத கண்

அந்தக் காலையில் இன்னொன்றும் நடந்தது. அதை அன்றைக்கு நான் வாய் திறந்து சொல்லவில்லை.

எண்ணெய் வழிகிற கையை முகத்துக்குக் கொண்டுபோனால் குழந்தைகூடக் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். என் வலது கை எய்னோவின் இடது கண்ணருகே போனபோது அவன் இமைக்கவே இல்லை. கையை எடுத்து, அந்தப் பக்கமே மறுபடி விசிறினேன். கண் திறந்தபடி இருந்தது. வலது கண்ணருகே விசிறினேன், உடனே மூடினான். இந்த ஆள் இத்தனை பேரை ஒற்றைக் கண்ணால் அடித்துப் போட்டிருக்கிறான் என்று நினைக்க நினைக்க உடம்பு புல்லரித்தது.

மறுநாள் கேட்டேன். மறைக்கவில்லை. வேறொரு துறைமுகத்தில் ஒரு ஆஸ்திரேலிய மாலுமி விட்ட குத்தில் இடது கண் போயிற்றாம், அது அவனுக்கே தெரியாதாம். இனி வலது கண்ணில் அடி வாங்கினால் அதுவும் போகும், சண்டையை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்படியானால் எதற்கடா இந்தப் பிழைப்பு என்று திட்டினேன். அந்த ஆஸ்திரேலியன் கப்பல் அடுத்த மாதம் ரங்கூன் வருகிறது, அவனோடு ஒரே ஒரு சண்டை, பிறகு ஊருக்குப் போய்விடுகிறேன் என்றான். ஊ தின்னிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அவன் என் இரண்டு கையையும் சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டான். "அவன் மேலே கோபம் இல்லே. அந்தக் குத்து வர்றதை நான் பாக்கலே, அதான் தூங்க முடியலே. இடப்பக்கத்தை நீ பாத்துச் சொல்லு, சாமி. என்ன ஆனாலும் துண்டு மட்டும் போடாதே."

ரகசிய பாஷை

துண்டை வளையத்துக்குள் எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். எறிகிற உரிமை மூலைக்காரனுக்கு உண்டு. எறியமாட்டேன் என்று நானும் தலையாட்டிவிட்டேன். அந்த மாதம் முழுக்க ஓடைக்கரையில் அவனுக்கு நாலு தமிழ் வார்த்தை சொல்லிக் கொடுத்தேன்: எடது, குனி, விலகு, முன்னே. இங்கிலீஷில் கத்தினால் ஆஸ்திரேலியனுக்குப் புரிந்துவிடும் அல்லவா? தமிழ் என்றால் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு யோசனையை, பாதித் துறைமுகமும் தமிழ் பேசுகிற ரங்கூனில், கொட்டகைத் தரை டிக்கெட் முழுக்க நம் ஆட்கள் உட்காருகிற இடத்தில், நான் யோசித்தேன். என்னைப் பெற்றவர்கள் கோவிலுக்கு நேர்ந்துகொண்டு பெற்றார்களாம்.

சண்டையன்று முதல் சுற்றில் "எடது" என்று கத்தினேன். எய்னோ விலகினான், குத்து காற்றில் போயிற்று. இரண்டாம் சுற்றில் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல், "எடது". மூன்றாம் சுற்றில் நூறு குரல். எடது, குனி, எடது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. எய்னோ அந்தச் சத்தத்தில் நடந்தான், குனிந்தான், திரும்பினான். இத்தனை பேர் சேர்ந்து ஒருத்தனுக்குக் கண்ணாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஓய்வில் வாளி நிரப்பக் குழாய்க்கு ஓடினேன். அங்கே எதிர்மூலை வாளிக்காரர் நின்றார். மஸ்தான் பாய், நாகூர்க்காரர். வேற்று மூலையில் யார் வாளி தூக்குகிறார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. பாய் ஒரு வார்த்தை சொன்னால் ஆஸ்திரேலியன் இடப்பக்கமாகவே அடித்து முடித்துவிடுவான். பாய் நிதானமாக வாளியை நிரப்பிக்கொண்டு, எனக்குக் குழாயை விட்டுக்கொடுத்தார். "உங்காளுக்கு எடது கண்ணு இல்லேன்னு மொத சுத்துலேயே தெரிஞ்சுபோச்சு, சாமி. எங்காளு கேட்டா மறைக்காம சொல்லிடுவேன், ஆனா அவரு என்கிட்டே தமிழ்லே கேக்கணும்."

எட்டு

ஐந்தாவது சுற்றில் எய்னோவின் வலது புருவம் கிழிந்தது. ஓய்வில் ரத்தத்தை ஒற்றினேன், மருந்து வைத்து அழுத்தினேன், நிற்கவில்லை. அந்தக் கண்ணுக்குள்ளேயே வடிந்தது. "என்னைத் தெரியுதா?" என்றேன். "தெரியுது" என்றான். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ஆறாவது சுற்றை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். ஒரு கண்ணும் இல்லாத மனிதன் அந்த வளையத்துக்குள் ஆஸ்திரேலியனைத் துரத்தினான். தரை டிக்கெட் "முன்னே" என்றது, போனான். "எடது" என்றது, திரும்பினான். அவன் கை போய்ப் பட்ட சத்தம் தகரக்கூரை வரை கேட்டது. ஆஸ்திரேலியன் உட்கார்ந்த மாதிரி சரிந்து விழுந்தான். கொட்டகை எழுந்து நின்றது. நடுவர் எண்ணத் தொடங்கினார். வீழ்த்தினவன் விலகிப் போய் நிற்க வேண்டும். எய்னோ விலகினான். கையை முன்னால் நீட்டி, கயிற்றைத் தடவித் தடவிப் போனான். கயிறு கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு, எதிராளிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றான். சண்டை அந்தப் பக்கம் இருக்கிறதாக நினைத்து அங்கே முஷ்டியை உயர்த்தினான்.

ஆறு என்று எண்ணும்போது ஆஸ்திரேலியன் ஒரு முழங்காலை ஊன்றினான். அவன் எழுந்தால் முதல் குத்து எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். எழாவிட்டால் எய்னோ ஜெயித்துவிடுவான், அதுவும் தெரியும். ஏழு. துண்டு போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எட்டு என்றபோது என் கை துண்டை எறிந்துவிட்டது. நடுவர் எண்ணுவதை நிறுத்தினார். நூறு குரலும் அப்படியே அடங்கிற்று. அந்த அமைதியில் எய்னோ சுவரைப் பார்த்தபடியே கேட்டான்: "ஏன் எல்லாரும் சும்மா இருக்காங்க, சாமி?"

கொடி

ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிப்போட்டார்கள். தினம் சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பிட்டான். பேசவில்லை. கட்டை அவிழ்த்த அன்றும் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பார்த்தானே, எனக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து அழுதேன். ஆனால் எங்கே போனாலும் தரை டிக்கெட் ஆட்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களும் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா.

ஊருக்குப் போகிற நாளில் அவன் பெட்டியை நான்தான் படகுத்துறைக்குத் தூக்கிப்போனேன். நடு ஆற்றில் கப்பல் நின்றது. அதற்கப்பால் தன்லியின் என்ற எதிர்க்கரை ஊர் மங்கலாகக் கிடந்தது. எய்னோ வலது கண்ணைச் சுருக்கிக் கப்பலை ரொம்ப நேரம் பார்த்தான். தன் நாட்டுக் கொடியைக் காட்டினான். வெள்ளை, அதில் நீலச் சிலுவை, காற்றில் பாதி மடங்கியிருக்கிறது என்று எனக்கே விளக்கினான். எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியவில்லை. பிறகு என் கையைப் பிடித்தான், இரண்டையும் சேர்த்து, முன்பு பிடித்த மாதிரியே. படகில் ஏறி உட்கார்ந்தான். படகு நகர்ந்த பிறகு திரும்பிச் சொன்னான்: "அன்னைக்கு அவன் எழுந்திருக்கமாட்டான், சாமி."

ஏழு கடல் தாண்டி வந்து ரங்கூனில் அத்தனை பேரையும் ஜெயித்த அந்த மலையை அங்கே தோற்கடித்த ஒரே ஆள் என்ற பெருமை, வாழ்நாளில் ஒரு குத்தும் விடாத இந்த வாளிக்காரனுக்கு வந்து சேர்ந்தது.