சூரியனுக்குக் காய்ச்சல் கண்ட சாயங்காலம்

நோயாளி வீட்டாருக்குப் பூவாயி நடத்தும் முதல் பாடம், கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. காய்ச்சல் என்றதும் கம்பளியைத் தூக்கி வருகிறவர்களையும், இருமினால் முதுகில் குத்துகிறவர்களையும் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவாள். முதலில் பார், பிறகு தொடு. செங்கல்பட்டில் தாதிப் பயிற்சி முடித்த நாளிலிருந்து அவள் பீற்றிக்கொண்ட ஞானம் அது. இரண்டாயிரத்து மூன்று அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் அதுவும் போயிற்று.

அப்போது அவள் கல்பாக்கத்தில் தாமோதரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் படுக்கை, கூடவே சர்க்கரை. பூவாயி இன்சுலின் போட்டதும் டிரான்சிஸ்டரில் சிலோன் பாட்டு வைக்கவேண்டும். பாட்டு இல்லாவிட்டால் மனிதர் சாப்பிட வாயைத் திறக்கமாட்டார்.

அன்று ஊசி போட்டாயிற்று. ரேடியோவில் வெறும் இரைச்சல். காலையில்தான் அதை டெட்டால் துணியால் துடைத்திருந்தாள். நாமே கொன்றுவிட்டோம் என்று முடிவுகட்டினாள். தட்டினாள், குலுக்கினாள், பேட்டரியைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். தாமோதரன் ஏதோ சொல்ல வந்தபோதெல்லாம், "இருங்க சார்" என்று அடக்கினாள். கடைசியில் ஏரியலை இழுத்த இழுப்பில் அது கையோடு வந்துவிட்டது.

"ரேடியோவுக்கு ஒண்ணுமில்ல பூவாயி," என்றார் அவர் மெதுவாக. "சூரியன்ல கொந்தளிப்புன்னு பேப்பர்ல போட்டிருந்தான். அங்க வெடிச்சா, இங்க மேல் வானத்துக் காத்து மாறிடும். சிற்றலையெல்லாம் அதுவே முழுங்கிடும். கொஞ்ச நேரம் விட்டிருந்தா தானா சரியாயிருக்கும்."

"அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா சார்?"

"நீ எங்க சொல்ல விட்ட?"

அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பூவாயிக்கு அது தெரிந்த வேர்வை; சர்க்கரை இறங்குகிறது. ஸ்பூனில் குளுக்கோஸ் கரைத்து நீட்டினாள். பழக்க தோஷம், வாய் மூடியே இருந்தது. வேறு வழியில்லாமல் பூவாயியே பாட ஆரம்பித்தாள். முட்டுக்காட்டில் டீசல் தீர்ந்துபோகும் படகு அப்படித்தான் சத்தம் போடும்.

இரண்டாவது அடி முடியுமுன் தாமோதரன் வாயைத் திறந்தார். "போதும். குடு."

குளுக்கோஸ் உள்ளே போயிற்று, பின்னாலேயே நாலு இட்லியும்.

மறுநாள் பக்கத்து வீட்டு ரேடியோ கணீரென்று பாடியது. சூரியனுக்குக் கண்ட காய்ச்சல் தானாக இறங்கியிருந்தது. கம்பளி போர்த்தப் போய்க் கம்பியை ஒடித்தவள் பூவாயிதான். புது ஏரியல் வரும்வரை ரேடியோ ஊமையாகவே கிடந்தது. அதனால் சாப்பாடு ஒன்றும் நிற்கவில்லை. தட்டோடு வந்து அவள் தொண்டையைச் செருமினாலே போதும்.